பால்வெளியில் பல்சர்கள் எத்தனை, எங்கெங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் நாங்கள் தொலைநோக்கி வைத்து வானம் காட்டும் மாலைகளில், சனியின் வளையத்தைப் பார்த்து முடித்த கையோடு பல்சரைப் பற்றிக் கேட்பவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். பின்னால் வரிசை காத்திருக்கும்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பதில்கள் இங்கே. பல்சரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகவே தொட்டிருக்கிறேன். அவை நம் பால்வெளியில் எப்படிப் பரவிக் கிடக்கின்றன, அதை எந்த வழியில் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பொருள்.

பல்சர் என்றால் என்ன? ஒரு பத்தியில் சொல்லுங்கள்.

சூரியனைவிடப் பல மடங்கு கனமான ஒரு விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது நடுவில் மிஞ்சும் உருண்டைக்கு நியூட்ரான் விண்மீன் என்று பெயர். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். எடையோ சூரியனைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அது வேகமாகச் சுழலும். அதன் காந்த முனைகளிலிருந்து கிளம்பும் ரேடியோ கற்றை ஒவ்வொரு சுற்றிலும் பூமியைத் தொட்டுப் போனால், நமக்கு அது சீரான துடிப்பாகக் கிடைக்கும். அதுதான் பல்சர். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டுபிடித்தார், அது 1.337 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. 1974-இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது, பெல்லுக்குப் போகவில்லை. அவருக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இதுவரை கண்டுபிடித்ததை எண்ணினாலே மொத்தக் கணக்கு வந்துவிடுமே?

வராது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இதுவரை பட்டியலில் ஏறியவை 3,500-க்கும் மேல். இரவில் தேவனாம்பட்டினம் மணலில் நின்று கடலைப் பாருங்கள். கரைக்குப் பக்கத்தில் இருக்கும் படகின் சின்ன விளக்கும் தெரியும். தொலைவில் போனால் பெரிய விளக்குள்ள விசைப்படகு மட்டும்தான் தெரியும். தெரிகிற விளக்குகளை மட்டும் எண்ணி, ‘கரையோரத்தில்தான் படகுகள் அதிகம், நடுக்கடலில் இருப்பதெல்லாம் பெரிய படகு’ என்று எழுதினால் இரண்டுமே தப்பு. பல்சர் பட்டியலிலும் இதேதான் நடக்கிறது. மங்கலானவை நமக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அகப்படும். அதனால் பட்டியலை அப்படியே வரைபடமாகப் போட்டால், பால்வெளியின் பல்சர்கள் எல்லாம் சூரியனைச் சுற்றிக் குவிந்திருப்பதுபோல் தோன்றும்.

இன்னொரு சிக்கல், எந்தத் திசையில் எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகரில் உள்ள 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் ஒரே நேரத்தில் 13 கற்றைகளால் பார்க்கும் கருவியைப் பொருத்தி, 1997-இலிருந்து பால்வெளித் தட்டின் ஒரு பகுதியைச் சலித்து எடுத்தார்கள். அந்தத் தேடலில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட புதிய பல்சர்கள் கிடைத்தன. அந்தப் பகுதி பட்டியலில் அடர்த்தியாகத் தெரிவதில் பாதிப் பங்கு பார்க்ஸின் உழைப்புக்குச் சேர வேண்டும்.

அப்புறம் கற்றையின் திசை. ஒரு பல்சரின் கற்றை நம் பக்கம் திரும்பாவிட்டால், எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் துடிப்பு கிடைக்காது. சராசரியாகப் பத்தில் ஒன்றின் கற்றைதான் பூமியைத் தொடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு பல்சர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

துடிப்பு வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். விண்மீன்களுக்கு நடுவே உள்ள வெளி முழுக்கக் காலியாக இல்லை. அங்கங்கே தனி எலக்ட்ரான்கள் அலைகின்றன. ரேடியோ அலை அவற்றின் ஊடே வரும்போது தாமதப்படுகிறது. அதிர்வெண் குறையக் குறையத் தாமதம் கூடும். பல்சரிலிருந்து ஒரே கணத்தில் கிளம்பிய துடிப்பு, உயர்ந்த அதிர்வெண்ணில் முதலிலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் பிறகும் நம்மிடம் வந்து சேரும். இந்த இடைவெளியை அளந்தால் வழியில் மொத்தம் எவ்வளவு எலக்ட்ரான் இருந்தது என்பது கிடைக்கும். அதைப் பிரிகை அளவு என்று வைத்துக்கொள்வோம்.

ரிஷப ராசியில் உள்ள நண்டு நெபுலாவின் நடுவில் ஒரு பல்சர் இருக்கிறது. 1054-ஆம் ஆண்டு வெடித்த விண்மீனின் மிச்சம் அது. விநாடிக்கு 30 முறை சுழல்கிறது. அதன் பிரிகை அளவு 56.8. அந்தப் பல்சரின் துடிப்பு 1400 மெகாஹெர்ட்ஸில் வந்து சேர்ந்த பிறகு, 400 மெகாஹெர்ட்ஸில் வந்து சேர இன்னும் சுமார் 1.35 விநாடி ஆகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பயணப்பட்ட இரண்டு அலைகளுக்கு நடுவே ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகமான வித்தியாசம். அதைத் துல்லியமாக அளந்துவிட முடிகிறது.

இனி அதைத் தொலைவாக மாற்ற வேண்டும். பிரிகை அளவு என்பது எலக்ட்ரான் அடர்த்தியைப் பார்செக்கில் சொன்ன தொலைவால் பெருக்கியது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக 0.03 எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்வோம். 56.8-ஐ 0.03-ஆல் வகுத்தால் சுமார் 1,890 பார்செக். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு, ஆக ஏறக்குறைய 6,200 ஒளியாண்டு. வேறு வழிகளில் கணித்த தொலைவு சுமார் 6,500. இவ்வளவு எளிய கணக்குக்கு இது அருமையான பொருத்தம்.

இதே கணக்கைத் தென்வானில் வேலா என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள வேலா பல்சருக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பிரிகை அளவு 68. வகுத்தால் 7,400 ஒளியாண்டு வரும். உண்மைத் தொலைவோ 950 ஒளியாண்டுக்குள்தான். கிட்டத்தட்ட எட்டு மடங்கு பிசகு. காரணம், அந்தத் திசையில் கம் நெபுலா என்ற பெரிய அயனி வாயு மேகமும், வேலா சூப்பர்நோவாவின் எச்சமும் இருக்கின்றன. சராசரியைவிட அங்கே எலக்ட்ரான்கள் பல மடங்கு அதிகம்.

கல்லூரி மாணவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டு பல்சர்களையும் சேர்த்தே காட்டுகிறேன். நண்டை மட்டும் காட்டினால் முறையின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிடும். வேலாவை மட்டும் காட்டினால் முறையே வீண் என்று தோன்றிவிடும்.

அப்படியானால் எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு என்ற வரைபடம் வேண்டுமே?

வேண்டும். அதைத்தான் பலர் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். கோர்ட்ஸ், லாசியோ என்ற வானியலாளர்கள் உருவாக்கிய வரைபடம் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. 2017-இல் யாவ், மான்செஸ்டர், வாங் மூவரும் புதிதாக ஒன்றை வெளியிட்டார்கள். வேறு வழியில் தொலைவு தெரிந்த 189 பல்சர்களை அடிப்படையாக வைத்து அது கட்டப்பட்டது. சுருள் கரங்களில் எவ்வளவு, மையத் தட்டில் எவ்வளவு, தட்டுக்கு மேலே போகப்போக எவ்வளவு என்று பிரித்துப் பிரித்து எலக்ட்ரானை நிரப்பியிருக்கிறார்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். எலக்ட்ரான் வரைபடத்தை ஒரு பகுதி பல்சர்களால் வரைகிறோம். பிறகு அதே வரைபடத்தைக் கொண்டு மற்ற பல்சர்களின் இடத்தைக் குறிக்கிறோம். சுருள் கரத்தில் எலக்ட்ரான் அடர்த்தி என்று வரைபடம் சொன்னால், அந்தத் திசையில் உள்ள பல்சர்கள் பலவும் அந்தக் கரத்திலேயே வந்து உட்காரும். ‘பல்சர்கள் கரங்களில் குவிந்திருக்கின்றன’ என்ற முடிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நாமே வைத்த எலக்ட்ரான்? 2006-இல் லாரிமரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலக்ட்ரான் வரைபடத்தை மாற்றினால், மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பல்சர்கள் பரவியிருக்கும் விதமும் கூடவே மாறியது. இந்தத் துறையில் வரும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘எந்த எலக்ட்ரான் வரைபடத்தை வைத்துப் போட்டீர்கள்?’ என்பதுதான்.

வரைபடம் எதற்கு? நேரடியாகத் தொலைவை அளக்க முடியாதா?

பக்கத்தில் இருப்பவற்றுக்கு முடியும். பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகில் உள்ள பொருள் பின்னணியை ஒப்பிட்டுக் கொஞ்சம் இடம் பெயர்ந்ததுபோல் தெரியும். இடமாறு தோற்றம் என்று பள்ளியில் படித்தது இதுதான். ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, பல்சர்களின் அந்த மிக நுண்ணிய நகர்வை அளக்கிறார்கள். வேலாவின் தொலைவு இப்படித்தான் திருந்தியது. ஆனால் பட்டியலில் உள்ள ஆயிரக்கணக்கானவற்றில் சிறு பங்குக்குத்தான் இந்த அளவீடு இருக்கிறது.

இடமாறு தோற்றத்துக்கும் புதுச்சேரிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சூரியனின் தொலைவை அதே தத்துவத்தில் அளப்பதற்காக, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே வந்தார். 1761-இல் அவர் வந்து சேரும் முன்பே ஊர் ஆங்கிலேயர் கையில் போயிருந்தது. கரை இறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து பார்த்ததில் பயனுள்ள அளவு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்துத் தயாராக இருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் அந்த மனிதர் எனக்கு நினைவுக்கு வருவார். ஒரு தொலைவை அளக்க எட்டு ஆண்டு காத்திருந்தவர் அவர்.

பார்க்காத பல்சர்களை எப்படி எண்ணுகிறார்கள்?

இரண்டு வழி உண்டு. முதல் வழியில், கண்டுபிடித்த ஒவ்வொரு பல்சரையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, ‘இதே பிரகாசம், இதே வேகம் உள்ள பல்சரைப் பால்வெளியின் வேறு எந்தெந்த இடத்தில் வைத்திருந்தால் நம் தேடலில் அகப்பட்டிருக்கும்?’ என்று கேட்கிறார்கள். நூறு இடத்தில் ஓர் இடத்தில்தான் அகப்பட்டிருக்கும் என்றால், அந்த ஒன்று நூறுக்குச் சமம். மங்கலான பல்சர் ஒன்றுக்கு இந்தச் சம எண்ணிக்கை மிகப் பெரிதாக இருக்கும். அதனால் பட்டியலில் ஒன்றிரண்டு மங்கலானவை கூடினாலோ குறைந்தாலோ மொத்த எண்ணிக்கையே ஆடும்.

1981-இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் விவேகானந்த், ரமேஷ் நாராயண் இருவரும் இதில் ஒரு நல்ல வழி காட்டினார்கள். பல்சர்கள் வயதாக ஆக மெதுவாகச் சுழலும். குறைந்த துடிப்பு நேரத்திலிருந்து அதிக நேரத்தை நோக்கி ஓர் ஓட்டம்போல் அவை நகர்கின்றன. அந்த ஓட்டத்தின் அளவைக் கணக்கிட்டால், நூற்றாண்டுக்கு எத்தனை பல்சர் பிறக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி கணினியில் ஒரு பொய்ப் பால்வெளியை உருவாக்குவது. லட்சக்கணக்கில் பல்சர்களை அதில் பிறக்க வைத்து, வேகம் கொடுத்து ஓடவிட்டு, வயதாக்கி, மங்க வைத்து, கடைசியில் பார்க்ஸ் தேடலின் விதிகள்படியே ‘தேடிப்’ பார்ப்பார்கள். கணினிக்குக் கிடைத்த பட்டியல் உண்மைப் பட்டியலோடு ஒத்துப்போகும்வரை, வைத்த எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, மொத்தம் எத்தனை?

2006-இல் வந்த இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன். லாரிமர் குழு, ஒரு குறிப்பிட்ட பிரகாசத்துக்கு மேல், கற்றை நம் பக்கம் இருக்கும் பல்சர்கள் சுமார் 30,000 என்றது; பிறப்பு விகிதம் நூற்றாண்டுக்கு 1.4. ஃபோஷே-ழிகேர், விக்டோரியா காஸ்பி இருவரும் மங்கலானவற்றையும் சேர்த்து, நம் பக்கம் திரும்பியவை 1,20,000 என்றும், எல்லாத் திசையும் சேர்த்து சுமார் 12 லட்சம் என்றும், நூற்றாண்டுக்கு 2.8 பிறக்கிறது என்றும் முடிவுக்கு வந்தார்கள். இரண்டும் முரண் இல்லை. எதை எண்ணுவது என்ற வரையறை வேறு.

12 லட்சத்தை ஆண்டுக்கு 0.028 என்ற பிறப்பு விகிதத்தால் வகுத்தால் சுமார் 4.3 கோடி ஆண்டு வரும். ஒரு பல்சர் ரேடியோவில் பேசும் ஆயுள் அந்த அளவில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். பால்வெளியின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேல். ஆக, துடித்து ஓய்ந்துபோன நியூட்ரான் விண்மீன்கள் பல கோடி இருந்தாக வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை நாம் பார்க்கவே போவதில்லை.

விண்மீன்கள் மையத்தில் அதிகம். பல்சர்களும் அங்கேதானே அதிகம்?

அப்படி நினைக்கத் தோன்றும். கணக்குகள் காட்டுவது வேறு. மையத்திலிருந்து சுமார் 10,000 முதல் 16,000 ஒளியாண்டு தள்ளி உள்ள வளையத்தில்தான் அடர்த்தி உச்சம். எந்த எலக்ட்ரான் வரைபடம் என்பதைப் பொறுத்து அந்த உச்சம் நகரும். அங்கிருந்து வெளியே போகப்போகக் குறைகிறது. மையத்தை நோக்கிப் போனாலும் குறைகிறது. நாம் இருப்பது மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டில். கனமான இளம் விண்மீன்கள் எங்கே அதிகம் பிறக்கின்றனவோ, அங்கேதான் பல்சரும் பிறக்கும். வளைய வடிவத்துக்கு அது ஒரு பொருத்தமான விளக்கம்.

பால்வெளியின் நட்டநடு மட்டும் இன்னும் புதிராகவே இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் கிடைத்திருக்கிறது. நடுவில் உள்ள வாயுவில் அலை சிதறித் துடிப்பு கரைந்துவிடுகிறது என்பது வழக்கமான பதில். அதிர்வெண் குறைந்தால் இந்தச் சிதறல் நான்காம் அடுக்கில் ஏறும். 1400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400-க்கு இறங்கினால் 150 மடங்கு. ஆனால் 2013-இல், மையக் கருந்துளைக்கு மிக அருகில், 3.76 விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் ஒரு காந்த விண்மீன், அதாவது மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அகப்பட்டது. அதன் துடிப்பில் எதிர்பார்த்ததைவிடச் சிதறல் குறைவாகவே இருந்தது. அப்படியானால் மற்றவை ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு ஒத்துக்கொண்ட பதில் இன்னும் இல்லை.

தட்டுக்கு மேலும் கீழும் பல்சர்கள் ஏன் பரவியிருக்கின்றன?

பிறக்கும்போதே வாங்கும் உதை. சூப்பர்நோவா எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெடிப்பதில்லை. மிஞ்சும் நியூட்ரான் விண்மீன் ஒரு பக்கமாக எறியப்படுகிறது. இளம் பல்சர்களின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பத்து லட்சம் ஆண்டு போனால் 1,300 ஒளியாண்டு. பிறந்தது தட்டின் நடுக்கோட்டுக்கு 150 ஒளியாண்டுக்குள் என்றாலும் வயதானவை வெகுதூரம் வந்துவிடும். சில விநாடிக்கு 1,000 கிலோமீட்டரையும் தாண்டி, பால்வெளியைவிட்டே வெளியேறும் வேகத்தில் போகின்றன.

மில்லிவிநாடிப் பல்சர்கள் இந்தக் கணக்கில் சேருமா?

தனியாகத்தான் எண்ண வேண்டும். துணை விண்மீனிடமிருந்து பொருளை வாங்கி மறுபடி வேகம் பிடித்தவை அவை. 1982-இல் கண்டுபிடித்த முதலாவது 1.56 மில்லிவிநாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. கோடிக்கணக்கில் அல்ல, நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வாழும். அதனால் தட்டைவிட்டு நன்றாகவே பரவியிருக்கும். கோள வடிவ விண்மீன் கொத்துகளிலும் குவிந்திருக்கின்றன. டெர்சான் 5 என்ற ஒரே கொத்தில் 40-க்கும் மேல்.

புதுச்சேரியிலிருந்து இவை வானத்தில் எந்தப் பக்கம்?

பல்சர் கண்ணுக்குத் தெரியாது; அது இருக்கும் திசையைக் காட்டலாம். ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு, உச்சிக்குச் சற்று வடக்கே ரிஷபத்தில் நண்டு நெபுலா. நகர விளக்கிலிருந்து தள்ளிப் போனால் தொலைநோக்கியில் அது ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். மார்ச் நடுவில் அதே நேரத்தில் தெற்கே, அடிவானிலிருந்து 33 பாகை உயரத்தில் வேலாவின் இடம். அதே மார்ச்சில் நள்ளிரவு தாண்டிக் கண் விழித்திருந்தால், தென்கிழக்கே கடலிலிருந்து தனுசு ராசி எழும். பால்வெளியின் மையம் அந்தத் திசை.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டா?

பெரிய பங்கு. ஊட்டி ரேடியோ தொலைநோக்கி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இலிருந்து இயங்குகிறது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அமைத்தார்கள். புதுச்சேரியும் ஏறக்குறைய அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. வேலா போன்ற பல்சர்களை ஊட்டியிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

சென்னை தண்டையார்பேட்டையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், வேலாவின் அலைகள் அதிரும் தளம் ஒவ்வொரு துடிப்பிலும் எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, கற்றை காந்த முனையிலிருந்துதான் வருகிறது என்பதற்கு 1969-இல் வலுவான ஆதாரம் கொடுத்தார். கற்றையின் அகலத்தை வைத்து, பார்க்காதவற்றை எண்ணும் வேலைக்கெல்லாம் அந்தப் புரிதல்தான் அடித்தளம்.

கல்லூரி மாணவர் நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. ஆஸ்திரேலியத் தொலைநோக்கி நிறுவனத்தின் பல்சர் பட்டியல் இணையத்தில் இலவசம். பால்வெளி நெட்டாங்கு (மையத் திசையைப் பூச்சியமாக வைத்துத் தட்டின் வழியே அளக்கும் கோணம்), அகலாங்கு (தட்டுக்கு மேலே கீழே அளக்கும் கோணம்), பிரிகை அளவு, தொலைவு ஆகிய நான்கு பத்திகளை இறக்கி, எக்செல்லில் போடுங்கள். முதலில் நெட்டாங்கை 10 பாகைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை என்று பாருங்கள். 260-லிருந்து பூச்சியத்தைத் தாண்டி 50 வரை உள்ள பகுதி பார்க்ஸ் தேடியது. அதன் தடம் தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் பிரிகை அளவை 0.03-ஆல் வகுத்து நீங்களே ஒரு தொலைவு கண்டுபிடித்து, பட்டியலில் உள்ள தொலைவோடு ஒப்பிடுங்கள். எங்கே பெரிதாக விலகுகிறதோ, அந்தத் திசையில் என்ன மேகம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இனி என்ன மாறும்?

சீனாவின் 500 மீட்டர் தொலைநோக்கி ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் புதிய மங்கலான பல்சர்களைச் சேர்த்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும் எஸ்கேஏ தொலைநோக்கித் தொகுப்பு ஆயிரக்கணக்கில் சேர்க்கும். அதில் இந்தியாவும் பங்காளி. எனக்கு அதைவிட ஆவல் தருவது, அந்தக் கருவிகள் கொண்டுவரப்போகும் நேரடித் தொலைவு அளவீடுகள். அவை கூடும்போது எலக்ட்ரான் வரைபடம் திருந்தும். அப்போது புதியவற்றோடு, இன்று பட்டியலில் இருக்கும் பல்சர்களில் பலவும் பால்வெளியில் வேறு இடத்துக்கு மாறி உட்காரும்.